தேயிலைப் பக்கெட்டை ஸ்கேன் பண்ணினால் பற்பசை என்று வருகிறதா?

கேள்வி:

ஐயா, வணக்கம். டிக்கோயாவில் இருந்து எழுதுகிறேன். நானும் அண்ணியும் சேர்ந்து தேயிலைத் தூள், இஞ்சித் தேயிலை, ஸ்ட்ரோபெரி ஜாம், தேசிக்காய் ஊறுகாய் ஆகியவற்றைப் பொதிசெய்து விற்கிறோம். இவ்வளவு நாளும் தோட்டத்துக் கடைகளுக்கும் ஹட்டன் டவுனில் சில கடைகளுக்கும்தான் கொடுத்தோம். இப்போது ஒரு சுப்பர் மார்க்கெட்டில் மாதிரி கேட்டார்கள். பார்கோடு இல்லாமல் எடுக்க மாட்டோம் என்றதால், லேபல் அடித்துத் தந்தவரே ஓர் இலக்கம் போட்டுத் தந்தார். எல்லாப் பொருளுக்கும் அதே இலக்கம்தான். கவுண்டரில் தேயிலையை வைத்ததும் திரையில் பற்பசை என்று வந்தது. ஜாம் போத்தலை மெஷின் வாசிக்கவே இல்லை. ஊறுகாய் போத்தல் ஸ்டிக்கரோ இரண்டு கிழமையில் மங்கிவிட்டது. பார்கோடு என்றால் உண்மையில் என்ன? முறையாக எங்கே எடுப்பது? 479 என்று தொடங்கினால்தான் இலங்கைப் பொருள் என்று அர்த்தம் என மாமா சொல்கிறார், சரியா? தேயிலைக்கு 2,000 பைகள் அடித்து வைத்திருக்கிறோம். அவற்றை வீசத்தான் வேண்டுமா? லேபல்களின் படங்களை இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, டிக்கோயா

பதில்:

படங்களைப் பார்த்தேன். உங்கள் பக்கெட்டில் உள்ள இலக்கம் 890 என்று தொடங்குகிறது. அது இந்தியாவில் வழங்கப்படும் வரிசை. அங்கிருந்து வரும் ஏதோ ஒரு பற்பசையின் இலக்கத்தை லேபல் அடித்தவர் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். கடையின் பட்டியலில் அந்த இலக்கத்துக்கு நேரே பற்பசை இருக்கிறது, அதனால் பற்பசை வந்தது. மெஷின் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

பார்கோடுக்குள் பொருளின் பெயர் கிடையாது, விலை கிடையாது, காலாவதித் திகதியும் கிடையாது. 13 இலக்கங்கள் மட்டுமே இருக்கின்றன. கடைக்காரர் அந்த இலக்கத்தைத் தன் கொம்பியூட்டரில் பதிந்து, அதற்கு நேரே "இஞ்சித் தேயிலை 100 கிராம், இத்தனை ரூபா" என்று எழுதி வைத்தால்தான் பில்லில் அது வரும். தொலைபேசி இலக்கம் மாதிரித்தான்: இலக்கத்துக்குள் ஆளின் பெயர் இல்லை, யார் போனில் எப்படிச் சேமித்திருக்கிறார்களோ அப்படித்தான் காட்டும். ஆகவே நீங்கள் பெறப்போவது ஒரு படத்தையோ தரமுத்திரையையோ அல்ல, உலகத்தில் வேறு எந்தப் பொருளுக்கும் இல்லாத ஓர் இலக்கத்தைப் பயன்படுத்தும் உரிமையை. கோடுகள் வரைவது அதற்குப் பிறகு வருகிற சின்ன வேலை. இணையத்தில் இலவசமாகவே வரையலாம். அந்த இலவசம்தான் பலரை ஏமாற்றுகிறது. எந்த 12 இலக்கத்தைத் தட்டினாலும் அழகான பார்கோடு வரும், ஸ்கேனரும் வாசிக்கும், ஆனால் இலக்கம் யாருடையது என்று அது கேட்காது.

விலை கிடையாது என்றேன். ஒரு விதிவிலக்கு உண்டு. சுப்பர் மார்க்கெட்டில் லீக்ஸோ கரட்டோ நிறுத்து ஒட்டித் தரும் ஸ்டிக்கரைப் பாருங்கள், இலக்கம் பெரும்பாலும் 2 என்று தொடங்கும். 20 முதல் 29 வரையான தொடக்கங்கள் கடைகளின் உள் உபயோகத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை. அதற்குள் நிறையையோ விலையையோ கடைக்காரரே வைத்துக்கொள்கிறார். அது அந்தக் கடைக்கு வெளியே செல்லாது. யாராவது உங்களுக்கு 2 என்று தொடங்கும் இலக்கத்தைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த கடையில் அதே இலக்கம் கோழி இறைச்சியாக இருக்கலாம்.

இனி 13 இலக்கத்தின் உள்ளமைப்பு. விளக்கத்துக்காக ஓர் இலக்கம் எடுத்துக்கொள்வோம், இதை அச்சடித்துவிடாதீர்கள்: 4791234560014. முதல் மூன்று, 479, இலங்கையில் வழங்கப்படும் வரிசை. அடுத்த 123456 உங்கள் நிறுவனத்துக்குத் தரப்படும் பகுதி. 479-உடன் சேர்த்து இந்த ஒன்பதையும் நிறுவன முன்னொட்டு என்பார்கள். அதற்கு அடுத்த 001 நீங்களே பொருளுக்குக் கொடுக்கும் எண். 000 முதல் 999 வரை ஆயிரம் பொருளுக்கு இடம் இருக்கிறது. முன்னொட்டு பத்து இலக்கமாக இருந்தால் உங்களுக்கு மிஞ்சுவது இரண்டு, அதாவது நூறு பொருள். கடைசி 4 சோதனை இலக்கம். அதை நீங்கள் விரும்பியபடி போட முடியாது, கணக்கில் இருந்துதான் வரும்.

கணக்கைக் கையால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், பிறகு எவர் தரும் இலக்கத்தையும் சரிபார்க்கலாம். இடப்பக்கத்தில் இருந்து 1, 3, 5, 7, 9, 11 ஆம் இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள்: 4+9+2+4+6+0 = 25. பிறகு 2, 4, 6, 8, 10, 12 ஆம் இடங்கள்: 7+1+3+5+0+1 = 17. இதை மூன்றால் பெருக்கினால் 51. இரண்டையும் சேர்த்தால் 76. அடுத்து வரும் பத்தின் மடங்கு 80, அதற்கு இன்னும் 4 தேவை. அந்த 4தான் கடைசி இலக்கம். அடுத்த பொருளுக்கு 002 என்று வைத்தால் கடைசியில் 1 வரும், 003 என்றால் 8. 001, 002 என்று வரிசையாகப் போவதால் கடைசி இலக்கமும் வரிசையாகப் போகும் என்று நினைத்துப் பட்டியல் தயாரிப்பவர்கள் உண்டு. அந்தப் பட்டியலில் உள்ள பெரும்பாலான இலக்கங்களுக்குப் பார்கோடு வரையவே முடியாது.

ஒரு கோடு அழிந்தோ கசங்கியோ ஓர் இலக்கம் தவறாக வாசிக்கப்பட்டால் இந்தக் கணக்கு பொருந்தாது, ஸ்கேனர் சத்தம் போடாமல் இருந்துவிடும். தவறான பொருளைப் பில்லில் ஏற்றுவதைவிட அது நல்லது. கையால் தட்டும்போது பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். வித்தியாசம் 5 ஆக உள்ள சோடிகள் மட்டும், உதாரணமாக 1-உம் 6-உம், 2-உம் 7-உம், மாறினால் தப்பிவிடும். ஆகவே கடைக்கு இலக்கங்களை அனுப்பும்போது கையால் எழுதாமல் ஃபைலில் இருந்து பிரதி எடுத்து அனுப்புங்கள்.

மாமா சொன்ன 479 விடயம் பாதி சரி. அந்த இலக்கத்தை வழங்கியது இலங்கை அமைப்பு என்பதைத்தான் 479 காட்டுகிறது. பொருள் எங்கே விளைந்தது, எங்கே செய்யப்பட்டது என்பதை அது சொல்லாது. இலங்கையில் பதிவுசெய்த ஒரு கம்பனி வெளிநாட்டில் செய்வித்த பொருளுக்கும் 479 போடலாம். அதேபோல நுவரெலியாவில் விளைந்த தேயிலையை வாங்கி வேறொரு நாட்டில் பொதிசெய்யும் கம்பனியின் பெட்டியில் அந்த நாட்டு இலக்கம்தான் இருக்கும். சுத்தமான சிலோன் தேயிலை, இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்டது என்பதற்கு அடையாளம் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை. அது வேறு விண்ணப்பம், வேறு நிபந்தனை. தேயிலையை உங்கள் பெயரில் பொதிசெய்து விற்பதற்கான தேயிலைச் சபை விதிகளும் அப்படியே. பார்கோடு வழங்குபவர் அதையெல்லாம் கேட்க மாட்டார், அவர் கேட்கவில்லை என்பதால் நீங்கள் விட்டுவிடவும் கூடாது.

பார்கோடு கட்டாயமா என்றால், தோட்டத்துக் கடைக்கும் சந்தைக்கும் தேவையில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை எதிர்பார்க்கும் அதிகபட்ச சில்லறை விலை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம் எல்லாம் கண்ணால் வாசிக்கக்கூடிய எழுத்தில் பக்கெட்டில் இருக்க வேண்டும். பார்கோடு போட்டுவிட்டோம், அதற்குள் எல்லாம் இருக்கிறது என்ற சாக்கு எடுபடாது. பார்கோடு கேட்பது சுப்பர் மார்க்கெட். அது அவர்களுடைய வியாபார நிபந்தனை.

எடுக்கும் வழி. உலகம் முழுவதும் இந்த இலக்கங்களை நிர்வகிப்பது ஜி.எஸ்.1 என்ற அமைப்பு. இலங்கையில் அதன் உறுப்பு ஜி.எஸ்.1 லங்கா, அலுவலகம் கொழும்பில். முதலில் உங்கள் தொழிலுக்கு வணிகப் பெயர்ப் பதிவு இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் பிரதேச செயலகத்தில் தொடங்குங்கள். நீங்களும் அண்ணியும் பங்காளிகள் என்றால் இருவர் பெயரிலும் பதியுங்கள். இலக்கங்கள் அந்தப் பதிவின் பெயருக்குத்தான் வரும். பின்னாளில் ஒருவர் விலகினால் யார் இலக்கத்தை வைத்துக்கொள்வது என்ற சண்டை, ஜாம் செய்முறை யாருடையது என்ற சண்டையைவிட மோசமாக இருக்கும்.

பிறகு பதிவுச் சான்றிதழின் பிரதி, பொருட்களின் பட்டியல் ஆகியவற்றுடன் ஜி.எஸ்.1 லங்காவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை இலக்கம் வேண்டும் என்பதுதான் அங்கே நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. இப்போது இருப்பதை எண்ணாமல் அடுத்த மூன்று வருடத்தில் வரக்கூடியதை எண்ணுங்கள். உங்களைப் போன்ற இடத்துக்கு நூறு போதும், ஆயிரம் வேண்டியதில்லை. கட்டணம் கேட்கும்போது சேர்வுக் கட்டணம் எவ்வளவு, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். முதல் வருடத் தொகையை மட்டும் வைத்து ஒரு பக்கெட்டுக்கு எவ்வளவு விழும் என்று கணக்குப் போட்டால் இரண்டாம் வருடம் இடிக்கும்.

இடையில் தரகர் ஒருவர் வந்து, "என் பெயரில் நிறைய இலக்கம் இருக்கிறது, உங்களுக்குப் பத்துத் தருகிறேன்" என்பார். இணையத்திலும் மலிவாக விற்கிறார்கள். அந்த இலக்கங்கள் பொய்யானவை என்றில்லை, ஆனால் வேறு ஒருவர் பெயரில் இருக்கும். ஜி.எஸ்.1 அமைப்பின் இணையத்தளத்தில் எந்த இலக்கத்தையும் தட்டி அது எந்த நிறுவனத்துடையது என்று பார்க்கலாம். வெளிநாட்டுக் கொள்வனவாளர்களும் இணையச் சந்தைகளும் அதைப் பார்க்கிறார்கள். அங்கே உங்கள் பெயர் வராவிட்டால் சரக்கு திரும்பும். யார் இலக்கம் தந்தாலும் பணம் கொடுக்கும் முன் நீங்களும் அங்கே தட்டிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

அடுத்து, எல்லாப் பொருளுக்கும் ஒரே இலக்கம் என்று போட்டது. கடைக்காரரின் பார்வையில் இருந்து யோசியுங்கள். 100 கிராம் தேயிலைக்கும் 400 கிராம் தேயிலைக்கும் ஒரே இலக்கம் என்றால் இரண்டுக்கும் ஒரே விலைதான் பில்லில் வரும். எது எத்தனை கையிருப்பில் இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியாது. வாடிக்கையாளர் வித்தியாசமாகப் பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் வேண்டும். உங்கள் படங்களில் இருந்து எண்ணினால்: தேயிலைத் தூள் 100, 200, 400 கிராம் என்று மூன்று, இஞ்சித் தேயிலை ஒன்று, ஜாம் சின்னப் போத்தல், பெரிய போத்தல் என்று இரண்டு, ஊறுகாய் ஒன்று. ஆக ஏழு. அதே 100 கிராம் தூளைப் பையில் ஒன்றும் தகரத்தில் ஒன்றுமாக விற்றால் அது எட்டாவது.

விலை கூடினால் புதிய இலக்கம் வேண்டாம். லேபலின் நிறத்தை மாற்றினாலும் வேண்டாம். ஆனால் 100 கிராமை 90 கிராமாகக் குறைத்தால் வேண்டும். பிராண்ட் பெயர் மாறினால் வேண்டும். ஜாமில் சீனியை எடுத்துவிட்டு "சீனி இல்லாதது" என்று விற்கத் தொடங்கினால் நிச்சயம் வேண்டும். நிறுத்திவிட்ட பொருளின் இலக்கத்தை வேறு பொருளுக்குக் கொடுக்கவே கூடாது. 2019 தொடக்கத்தில் இருந்து ஜி.எஸ்.1 விதி அப்படி. பழைய போத்தல் ஒன்று எங்காவது தட்டில் இருக்கும், கடையின் கொம்பியூட்டரில் பழைய பெயரும் இருக்கும். இதற்கெல்லாம் ஒரு சி.ஆர். கொப்பி போதும்: இலக்கம், பொருள், நிறை, பொதியின் வகை, தொடங்கிய திகதி, நிறுத்திய திகதி. ஒருவர் மட்டும் எழுதுங்கள். இருவர் இரண்டு இடத்தில் எழுதினால் ஒரே இலக்கம் இரண்டு பொருளுக்குப் போய்விடும்.

பண்டிகைக் காலத்தில் மூன்று ஜாமைச் சேர்த்து ஒரு பரிசுப் பொதி கட்டுவதாக இருந்தால் அதற்கும் தனி இலக்கம். ஒரு கவனம்: பொதி கண்ணாடித் தாளில் சுற்றியதாக இருந்தால் உள்ளே உள்ள போத்தல்களின் பார்கோடு வெளியே தெரியக் கூடாது. கேஷியர் எது அகப்படுகிறதோ அதைத்தான் காட்டுவார். மூன்று போத்தல் ஒரு போத்தல் விலைக்குப் போய்விடும்.

இப்போது அச்சு. உங்கள் கஷ்டத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது.

பார்கோடு முழுவதும் 95 மெல்லிய அலகுகளால் ஆனது. ஓர் இலக்கத்துக்கு 7 அலகு. அந்த ஏழுக்குள் இரண்டு கறுப்புக் கோடும் இரண்டு வெள்ளை இடைவெளியும் வெவ்வேறு அகலத்தில் வரும். இரண்டு ஓரத்திலும் நடுவிலும் கொஞ்சம் நீளமாகத் தெரிபவை காவல் கோடுகள். எண்ணிப் பார்த்தால் கோடுகளாக இருப்பது 12 இலக்கம்தான். முதல் இலக்கத்துக்குத் தனிக் கோடு இல்லை, இடப்பக்க ஆறு இலக்கங்களும் எந்தப் பாணியில் வரையப்பட்டிருக்கின்றன என்பதில் இருந்து ஸ்கேனர் அதைக் கண்டுபிடிக்கிறது. வழமையான அளவில் ஓர் அலகு 0.33 மில்லிமீற்றர். ஒரு கோட்டில் மை 0.1 மில்லிமீற்றர் பரவினாலே பக்கத்து இடைவெளியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று போய்விடும். அதனால்தான் வாட்ஸ்அப்பில் வந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கி லேபலில் வைக்கக் கூடாது. இழுக்கும்போது ஓரங்கள் மங்கும், கோடுகளின் அகல விகிதம் கெடும். அச்சகத்துக்கு, எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் மங்காத வெக்டர் ஃபைலாக, பி.டி.எஃப் ஆகவோ ஈ.பி.எஸ் ஆகவோ, கொடுங்கள்.

100 வீத அளவில் ஓர வெற்றிடத்தோடு சேர்த்து 37.29 மில்லிமீற்றர் அகலம், 25.93 மில்லிமீற்றர் உயரம். 80 வீதம் வரை குறைக்கலாம், அப்போது 29.83-க்கு 20.74. அதற்குக் கீழே போகாதீர்கள். இடம் போதவில்லை என்று டிசைன் செய்பவர் முதலில் கைவைப்பது உயரத்தில்தான். உயரத்தை வெட்டினால் வாசிக்காது என்றில்லை, கேஷியர் பக்கெட்டைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டிவரும். வரிசையில் ஆட்கள் நிற்கும்போது அவருக்கு உங்கள் பொருள் மேல் வருகிற எரிச்சல் கடை மெனேஜர் வரை போகும்.

அதைவிடப் பெரிய குற்றம் ஓர வெற்றிடத்தை விழுங்குவது. இடப்பக்கம் 11 அலகு, அதாவது 3.6 மில்லிமீற்றர், வலப்பக்கம் 7 அலகு, 2.3 மில்லிமீற்றர். அதற்குள் ஒன்றும் வரக் கூடாது: கோடு, எழுத்து, கட்டம், பூ, எதுவும். ஸ்கேனர் அந்த வெள்ளையை வைத்துத்தான் பார்கோடு எங்கே தொடங்குகிறது என்று அறிகிறது. சில பக்கெட்டுகளில் கடைசி இலக்கத்துக்குப் பக்கத்தில் > என்ற அடையாளம் இருக்கும், வலப்பக்க வெற்றிடத்தை யாரும் வெட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த காவல் அது. உங்கள் இஞ்சித் தேயிலை லேபலில் பார்கோடைச் சுற்றிப் பச்சைக் கட்டம் ஒட்டினாற்போல் போட்டிருக்கிறார்கள். அதை எடுக்கச் சொல்லுங்கள்.

ஜாம் போத்தல் ஏன் வாசிக்கவில்லை? ஸ்ட்ரோபெரி என்பதால் கோடுகளைச் சிவப்பில் போட்டிருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் கவுண்டர் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியில் வேலை செய்கின்றன. சிவப்பு ஒளியில் சிவப்புக் கோடு வெள்ளையாகத்தான் தெரியும், ஆகவே ஸ்கேனருக்கு உங்கள் லேபல் வெறும் தாள். மண்ணிறம், செம்மஞ்சள் கோடுகளுக்கும் இதே கதி. கோட்டுக்குக் கறுப்பு, கடும் நீலம், கடும் பச்சை. பின்னணிக்கு வெள்ளை, இல்லாவிட்டால் மஞ்சள். சிவப்புப் பின்னணியில் கறுப்புக் கோடுகூட வாசிக்கும். சந்தேகம் என்றால் வெள்ளையில் கறுப்பு, அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

போத்தலின் வளைவும் ஒரு பிரச்சினை. விட்டம் சுமார் 60 மில்லிமீற்றருக்குக் குறைந்த போத்தலில் முழு அளவுப் பார்கோடை வழமைபோல் ஒட்டினால் இரண்டு ஓரமும் வளைந்து பின்னால் போய்விடும். அப்படியானவற்றில் பார்கோடை 90 பாகை திருப்பி, கோடுகள் ஏணிப்படி போல் ஒன்றன்மேல் ஒன்றாக வருமாறு வையுங்கள். உங்கள் சின்ன ஜாம் போத்தலுக்கு அதுதான் பொருத்தம்.

தேயிலைப் பை வெள்ளி நிற ஃபொயில். பளபளப்பான பரப்பு ஒளியைக் கண்ணாடி மாதிரி வேறு பக்கம் தெறிக்கவிடும், ஸ்கேனருக்கு அது இருட்டாகத் தெரியும். தங்க நிறமும் அப்படித்தான். அடுத்த தடவை பை அடிக்கும்போது பார்கோடு வரும் இடத்தில் முதலில் ஒளி ஊடுருவாத வெள்ளைக் கட்டம் அடித்து, அதன்மேல் கோடு அடிக்கச் சொல்லுங்கள். ஒரு பூச்சில் வெள்ளை சாம்பலாகத் தெரிந்தால் இரண்டு பூச்சு. இடம் பையின் பின்பக்கம், கீழ் வலது மூலை; ஓரத்தில் இருந்து குறைந்தது 8 மில்லிமீற்றர் உள்ளே. நடுவில் வரும் ஒட்டு மடிப்பின் மேலோ பக்கவாட்டு மடிப்பின் மேலோ வேண்டாம். தூள் நிரப்பியதும் பை புடைக்கும், வெறும் பையில் தட்டையாகத் தெரிந்த இடம் சுருங்கும். நிரப்பிய பையில் பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

ஊறுகாய் ஸ்டிக்கர் மங்கியதற்குக் காரணம், அது கடைப் பில் மாதிரியான வெப்பத் தாள். மை கிடையாது, சூட்டில் தாளே கறுக்கிறது. வெயில் பட்டால் மங்கும், எண்ணெய் பட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும். ஊறுகாய் போத்தலில் எண்ணெய்க் கை படாமல் எப்படி? ரிபன் போட்டு அடிக்கும் லேபல் பிரின்டரில், பிளாஸ்டிக் ஸ்டிக்கரில், ரெசின் ரிபனால் அடியுங்கள். உங்கள் பக்கத்து மூடுபனிக்கும் அதுதான் தாங்கும். காகித ஸ்டிக்கர் ஈரத்தில் ஓரம் கிளம்பி, பார்கோடு நடுவில் சுருங்கும். ஒட்டும்போது போத்தல் காய்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த போத்தலில் பனி பூத்திருக்கும்போது ஒட்டினால் எந்தப் பசையும் நிற்காது.

சொந்தமாக லேபல் பிரின்டர் வாங்குவதாக இருந்தால் ஒரு விடயம். மலிவானவை 203 டி.பி.ஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி. அதில் ஒரு புள்ளி 0.125 மில்லிமீற்றர், ஓர் அலகுக்கு முழுப் புள்ளிகள்தான் வர முடியும். இரண்டு புள்ளி என்றால் 0.25, அது 80 வீதத்துக்கும் கீழே. மூன்று புள்ளி என்றால் 0.375, பார்கோடு வெற்றிடத்தோடு 42 மில்லிமீற்றருக்கு மேல் வரும், லேபல் அதற்கு ஏற்ற அகலமாக இருக்க வேண்டும். மென்பொருளில் 0.33 என்று கொடுத்தால் சில அலகு இரண்டு புள்ளி, சில மூன்று புள்ளி என்று தாறுமாறாக விழும். 300 டி.பி.ஐ பிரின்டரில் நான்கு புள்ளி 0.34 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட வழமையான அளவு. காசு இருந்தால் அதை வாங்குங்கள்.

அச்சடித்ததும் போனில் ஸ்கேன் பண்ணிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். போன் கமரா கெட்ட பார்கோடையும் எப்படியாவது வாசித்துவிடும், சிவப்புக் கோட்டைக்கூட வாசிக்கும். நிரப்பிய பத்துப் பொதிகளை டவுனில் தெரிந்த கடை ஒன்றுக்குக் கொண்டுபோய் அவர்களுடைய ஸ்கேனரில் காட்டுங்கள். பத்தும் முதல் தடவையிலேயே வாசிக்க வேண்டும், திரையில் வரும் 13 இலக்கமும் கோட்டின் கீழே அச்சடித்ததும் ஒன்றாக இருக்க வேண்டும். "பொருள் இல்லை" என்று திரை சொன்னால் நல்லது, அந்தக் கடையின் பட்டியலில் உங்கள் இலக்கம் வேறு எந்தப் பொருளுக்கும் இல்லை என்று அர்த்தம். ஆயிரக்கணக்கில் பை அடிக்கும் முன் சரிபார்ப்புக் கருவி உள்ள இடத்தில் தர அறிக்கை எடுக்கலாம். சில்லறைக் கடைக்கு 4-க்கு 1.5 குறைந்தபட்சத் தரம்.

வெளிப்பெட்டிக்கு இப்போதைக்கு அவசரமில்லை. கடையின் களஞ்சியம் கேட்டால் 14 இலக்கம் போட வேண்டும்: பக்கெட்டின் முதல் 12 இலக்கத்துக்கு முன்னால் 1 சேர்த்து, சோதனை இலக்கத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். நம் உதாரணத்துக்கு 14791234560011 வரும். பழைய 4-ஐ அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை.

கடைசியாக 2,000 பைகள். வீச வேண்டாம். ஜி.எஸ்.1 இலக்கம் கையில் வந்த பிறகு, பழைய பார்கோடையும் அதன் கீழே உள்ள இலக்கத்தையும் ஓர வெற்றிடத்தோடு முழுவதுமாக மூடும் வெள்ளை ஸ்டிக்கரில் புதியதை அடித்து ஒட்டுங்கள். 45-க்கு 32 மில்லிமீற்றர் அளவு போதும். ஸ்டிக்கர் ஒளி ஊடுருவாததாக இருக்க வேண்டும். மெல்லிய காகிதம் என்றால் அடியில் உள்ள கோடுகள் தெரிந்து புதியதைக் குழப்பும். பழையதைப் பேனாவால் கிறுக்கிவிட்டுப் புதியதைப் பக்கத்தில் ஒட்டுவது வேண்டாம், கிறுக்கலுக்கு நடுவிலும் ஸ்கேனர் பற்பசையைக் கண்டுபிடித்துவிடும். மூன்று நிறைக்கும் பை ஒரே மாதிரி என்றால் மூன்று ஸ்டிக்கர் சுருள்களையும் வெவ்வேறு நாளில் ஒட்டுங்கள், ஒரே மேசையில் மூன்றும் இருந்தால் கட்டாயம் மாறும். ஒட்டி முடிந்ததும் புதிய மாதிரியோடு ஏழு இலக்கங்களின் பட்டியலையும் சுப்பர் மார்க்கெட்டின் கொள்வனவுப் பிரிவுக்கு அனுப்பி, முன்பு கொடுத்த 890 இலக்கத்தில் உங்கள் பொருள் எதையும் பதிந்திருந்தால் அதை நீக்கிவிடும்படி அதே கடிதத்தில் எழுதிக் கேளுங்கள்.